ஜன்னலம்மாவின் பள்ளிக்கூடம்

எங்கள் அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் கிடையாது. பெரிய பொறியாளர் முதல் டீ கொண்டுவருபவர் வரை எல்லோருக்கும் அவர் ஜன்னலம்மா. கிடங்குக்கு வரைபடம் போடச் சொன்னால் அதில் ஒரு ஜன்னல் இருக்கும். பம்ப் அறைக்குப் போடச் சொன்னாலும் இருக்கும். "மோட்டார் வெளிய எட்டிப் பாக்கப் போகுதா?" என்று ஒருமுறை பெரிய பொறியாளர் கேட்டார். "மோட்டாரைப் பாக்க ஒரு மனுஷன் உள்ள வருவான்ல சார்" என்றார் இவர். அந்த ஜன்னல் வரைபடத்தில் தங்கிவிட்டது. பெயரும் இவரிடம் ஒட்டிக்கொண்டது.

அரசுக் கட்டடங்களுக்கு வரைபடம் தயாரிக்கும் பிரிவு எங்களுடையது. என் மேசை அவர் மேசைக்குப் பக்கத்தில். நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அவர் காதோரம் நரைத்திருந்தது. மெதுவாகப் பேசுவார். யாராவது நகைச்சுவையாக ஏதாவது சொன்னால் எல்லோரும் சிரித்து முடித்த பிறகுதான் அவர் சிரிக்க ஆரம்பிப்பார். அதைப் பார்த்து நாங்கள் மறுபடியும் சிரிப்போம். அவருடைய வீட்டுக்காரர் பஸ் பணிமனையில் மெக்கானிக். ஒரே மகளைத் தொலைவில் ஒரு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வீட்டில் சமையல் அவர் கணவர்தான். "நான் வெச்சா உப்பை அளவுகோல் வெச்சுப் போடுவேன்னு பயப்படறார்" என்பார் ஜன்னலம்மா.

பள்ளிக்கூடம் கட்ட வேண்டுமென்றால் எங்களிடம் இருந்தது ஒரே ஒரு வரைபடம். நீளமான வராந்தா, அதை ஒட்டி வரிசையாக அறைகள், ஒவ்வொரு அறையிலும் ஒரு பக்கம் கரும்பலகை, பக்கச் சுவரில் பிள்ளைகளின் தலைக்கு மேலே ஜன்னல். ஊர்ப் பெயரையும் அறைகளின் எண்ணிக்கையையும் மாற்றினால் அடுத்த பள்ளிக்கூடம் தயார். இருபது வருஷத்துக்கு மேலாக அதைத்தான் ஜன்னலம்மா அனுப்பிக்கொண்டிருந்தார். அனுப்பும்போதெல்லாம் ஏதோ கெட்டுப்போன சாமானை விற்றுவிட்டவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

அப்படி இருக்கும்போது மேலிடத்தில் யாருக்கோ ஒரு யோசனை வந்தது. பிள்ளைகள் சொந்தமாக யோசிக்கவும் செய்து பார்க்கவும் இடம் கொடுக்கிற மாதிரி ஒரு பள்ளிக்கூடம் கட்டிப் பார்க்கலாம், நன்றாக வந்தால் எல்லா ஊரிலும் கட்டலாம் என்று. வேலை எங்கள் பிரிவுக்கு வந்தது. புதுசாக ஒன்றைச் செய்தால் வருகிறவன் போகிறவனெல்லாம் கேள்வி கேட்பான் என்று எங்கள் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். ஒருவருக்குத் திடீரென்று முதுகுவலி வந்தது. இன்னொருவர் மச்சினன் கல்யாணத்துக்கு லீவு போட்டார். நான் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். ஜன்னலம்மா மட்டும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

"நான் பண்றேன் சார்."

"பாத்துக்கோங்கம்மா. தலைவலி பிடிச்ச வேலை."

"இத்தனை வருஷமா தலைவலி இல்லாமத்தான் சார் பண்ணிட்டு இருந்தேன்" என்றார்.

வரைய ஆரம்பிப்பதற்கு முன் அவர் ஒரு பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஒருநாள் இல்லை, பல நாள். அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர். முதல் நாள் இவரைப் பார்த்ததும், "ஆய்வுக்கு வந்திருக்கீங்களா?" என்று சந்தேகமாகக் கேட்டிருக்கிறார்.

"இல்லங்க. பசங்க எங்க ஒளியறாங்கன்னு பாக்க வந்தேன்."

"அப்படின்னா சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. வாங்க, காட்டறேன்."

மாடிப்படிக்குக் கீழே இருந்த முக்கோண இடுக்கில் நாலு பெண்பிள்ளைகள் இலைகளை வைத்துக் கடை நடத்திக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஈரமண்ணில் ஒரு ஊரே கட்டப்பட்டிருந்தது. வகுப்புக்குள்ளே ஒரு பையன் புத்தகப் பைமேல் ஏறி நின்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். "அந்த நாயைப் பாக்க அந்தப் புள்ள என்ன பாடுபட்டான் தெரியுமா?" என்று ஜன்னலம்மா மறுநாள் என்னிடம் சொன்னார். "நாம கட்டுன இடத்துல அவங்க ஒண்ணுமே பண்ணலை தம்பி. கட்டாம விட்ட இடத்துலதான் எல்லாம் நடக்குது."

அதன் பிறகு அவர் வரைந்ததைத்தான் பள்ளிக்கூடம் என்று நான் இப்போதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வகுப்பறைகளுக்கு முன்பக்கம் பின்பக்கம் என்று இல்லை. நாலு சுவரிலும் பிள்ளைகளின் கை எட்டும் உயரம்வரை எழுதுகிற பலகை. நடுமுற்றத்தில் சிமெண்ட் இல்லை, மண். மாடிப்படி அகலமாக, பாதி ஏறுவதற்கு, பாதி உட்காருவதற்கு. ஒரு அறை நிறைய மரத்துண்டு, கம்பி, அட்டைப்பெட்டி, வெட்டுத் துணி, அதற்குப் பூட்டே கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஜன்னல்கள். சுவரின் கனத்தை உள்பக்கம் இழுத்து ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு மேடை வைத்தார். இரண்டு பிள்ளைகள் காலை மடக்கி உட்கார்ந்து வெளியே பார்க்கலாம். வீட்டில் சாப்பாட்டு மேசையில் அட்டையால் அந்தக் கட்டடத்தைச் செய்துவைத்திருந்தார். அவர் கணவர் பல வாரம் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். "எங்க வீட்ல பள்ளிக்கூடம் திறந்தாச்சு, சாப்பாட்டு மேசையைத்தான் மூடிட்டாங்க" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

கம்பி விஷயத்தில்தான் ஒரு பேச்சு வந்தது. எங்கள் வழக்கப்படி ஜன்னல் கம்பிகள் நெட்டாக, மேலிருந்து கீழாக இருக்கும். ஜன்னலம்மா அவற்றைப் படுக்கை வாட்டத்தில், குறுக்கே போட்டிருந்தார். அதுவும் ஜன்னல் முழுக்க இல்லை, மேடையில் நிற்கிற ஒரு பெரியவரின் நெஞ்சளவுக்கு. அதற்கு மேலே திறப்பு. பெரிய பொறியாளர் வரைபடத்தைத் தட்டினார்.

"ஏம்மா இது இப்படி?"

"சார், கொஞ்சம் கீழ உக்காருங்களேன்."

"கீழயா?"

"சும்மா உக்காருங்க சார்."

அவர் நல்ல மனிதர். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஜன்னலம்மா எங்கள் மேசைகளிலிருந்து அளவுகோல்களைப் பொறுக்கி, என்னையும் இன்னொருவரையும் பிடிக்கச் சொல்லி, அவர் முகத்துக்கு முன்னால் நெட்டாக நிறுத்தினார்.

"எப்படி இருக்கு சார்?"

"ஜாமீன் கேக்கணும்போல இருக்கு."

அளவுகோல்களைக் குறுக்கே திருப்பச் சொன்னார். "இப்ப?"

பெரிய பொறியாளர் கொஞ்ச நேரம் பார்த்தார். "இப்ப வானம் கொஞ்சம் பெருசாத் தெரியுது" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டு அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

பள்ளிக்கூடம் கட்டி முடிந்தது. அந்த வெட்டு ஒன்று துண்டு இரண்டு தலைமை ஆசிரியையையே அங்கே மாற்றிக்கொண்டுவந்தார்கள். முதலில் ஆசிரியர்களுக்குத்தான் திண்டாட்டம். எந்தப் பக்கம் நின்று பாடம் நடத்துவது என்று தெரியாமல் பம்பரம் மாதிரி சுற்றினார்கள். பிள்ளைகள் ஒரே வாரத்தில் பழகிக்கொண்டார்கள். ஜன்னலம்மா சனிக்கிழமைதோறும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அங்கே போவார். குழாய் ஒழுகுகிறதா பார்க்க வேண்டும், சுவரில் விரிசல் இருக்கிறதா பார்க்க வேண்டும். விரிசல் எதுவும் இல்லை. திரும்பி வந்தால் அடுத்த வாரம் முழுக்க அந்தப் பேச்சுதான்.

அங்கே மூன்றாம் வகுப்பில் ஒரு தையல்காரரின் மகள் படித்தாள். சட்டைப் பையில் எப்போதும் நூல் வைத்திருப்பாள் என்பதால் நூல்கண்டு என்று எல்லோரும் அவளைக் கூப்பிட்டார்கள். பழைய பள்ளியில் வாயே திறக்காத பெண்ணாம். இங்கே வந்த பிறகு அந்தப் பூட்டில்லாத அறையிலேயே குடியிருந்தாள். அப்பாவின் கடையிலிருந்து வெட்டுத் துணிகளைக் கொண்டுவந்து விதவிதமாகப் பறவைகள் செய்வாள். ஒரு சனிக்கிழமை மாடி ஜன்னல் மேடையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தவள் ஜன்னலம்மாவைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றாளாம்.

"இந்த ஸ்கூலுக்குப் படம் போட்டது நான்தான்."

"இதுக்கெல்லாம் படம் போடுவாங்களா?"

"முதல்ல தாள்ல போடுவோம். அப்புறம் கட்டுவாங்க."

"எங்கப்பாவும் அப்படித்தான். முதல்ல சாக்பீஸ்ல கோடு போடுவாரு. அப்புறம்தான் வெட்டுவாரு." பிறகு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு, "உக்காருங்க. ரெண்டு பேர் உக்காரலாம்" என்றாள்.

"ரெண்டு பேர் உக்காரலாம்னு எனக்கே சொல்லுது தம்பி" என்று அன்றைக்கு ஜன்னலம்மா சிரித்த சிரிப்பை, எல்லோருக்கும் கடைசியாக இல்லாமல் எல்லோருக்கும் முன்னால் சிரித்த அந்த ஒரு சிரிப்பை, நான் மறக்கவில்லை.

இரண்டாவது வருஷத்தின் கடைசியில் அது நடந்தது.

மதியத்துக்கு மேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. வகுப்பு முற்றத்தில் நடந்துகொண்டிருந்தது. நூல்கண்டு தன் பறவை ஒன்றை மாடி ஜன்னலில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். காற்று அதைச் சுருட்டி ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த சன்ஷேடில் போட்டுவிட்டது. மழை வந்தால் நனைந்துவிடும் என்று யாரிடமும் சொல்லாமல் அவள் மேலே ஓடினாள். மேடையில் ஏறினாள். கை எட்டவில்லை. குறுக்குக் கம்பிகள் ஏணிப்படி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. அவற்றில் கால் வைத்து ஏறி, மேலே இருந்த திறப்பு வழியாக வெளியே எட்டினாள். முற்றத்திலிருந்து ஆசிரியை நிமிர்ந்து பார்த்தபோது பிள்ளையின் பாதி உடம்பு வெளியே இருந்தது. கூப்பிடலாமா, கூப்பிட்டால் பதறிவிடுவாளோ என்று ஆசிரியை தயங்கிய அந்த நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

தலைமை ஆசிரியை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே ஜன்னலம்மாவுக்கு ஃபோன் செய்தார். நான் பக்கத்தில் இருந்தேன். ஃபோனைக் காதில் வைத்தபடியே எழுந்து நின்றார். கடைசியில், "எந்த ஜன்னல்?" என்று மட்டும் கேட்டார்.

சாயங்காலத்துக்குள் பிள்ளை போய்விட்டது.

ஜன்னலம்மா அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மாடியில் அந்த ஜன்னல் மேடைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து கம்பிகளைப் பார்த்தார். வெள்ளை பெயிண்டின்மேல் முற்றத்து மண் ஒட்டியிருந்தது. முதல் கம்பியில், இரண்டாவதில், அதற்கும் மேலே. சின்னச் செருப்பின் முன்பகுதித் தடம். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். தொடவில்லை. நான், "வாங்கம்மா, போலாம்" என்றேன். "ஏறுறதுக்குன்னே போட்டுக் கொடுத்திருக்கேன் தம்பி" என்றார். "பெரியவங்க நெஞ்சளவுன்னு அளந்தேன். உக்காந்து பாத்தா எப்படி இருக்கும்னு பாத்தேன். ஏறுனா எப்படி இருக்கும்னு பாக்கல."

விசாரணை நடந்தது. தடுப்பின் உயரம் விதிக்கு மேலேயே இருந்தது. கம்பி நெட்டாக இருக்க வேண்டுமா குறுக்காக இருக்க வேண்டுமா என்று எந்த விதியும் அப்போது சொல்லவில்லை. வரைந்தவர்மேல் குற்றமில்லை, கட்டியவர்மேல் குற்றமில்லை, எதிர்பாராத விபத்து என்று எழுதி முடித்தார்கள். பெரிய பொறியாளர் ஜன்னலம்மாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார். "நானும்தானேம்மா கையெழுத்துப் போட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க" என்றாராம். இவர் தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்துப் பேசி நான் பார்த்ததில்லை.

ஜன்னலம்மாவின் மகள் ஃபோனில் அழைத்தபோது நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். ஸ்பீக்கரில் கேட்டது.

"அம்மா, உன்மேல தப்பில்லன்னு சொல்லிட்டாங்கல்ல?"

"சொல்லிட்டாங்கம்மா."

"அப்புறம் என்ன?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. நீ சாப்பிட்டியா?"

அவர் கணவர் வாசல்வரை என்னை வழியனுப்ப வந்தார். வேலைக்குப் போய்வந்த கைகளைக்கூடக் கழுவாமல் இருந்தார். "நேத்து இவகிட்ட கேட்டேன் தம்பி. நான் ஒரு நட்டை முறுக்காம வண்டியை வெளிய விட்டிருந்தா நீ என்ன சொல்லுவேன்னு. திட்டுவேன்னா. சரி, அப்ப நான் உன்னைத் திட்டட்டுமான்னு கேட்டேன். திட்டுங்கன்னு சொல்லிட்டு எதிர்ல வந்து உக்காந்துட்டா." அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்கு வாய் வரல. திட்டியிருந்தா கொஞ்சம் ஆறியிருப்பாளோ என்னவோ."

தையல்காரர் வீட்டுக்கு ஜன்னலம்மா தனியாகப் போனார். கீழே கடை, மேலே வீடு. தையல் மெஷினை ஒரு போர்வை போட்டு மூடியிருந்தார்கள். தையல்காரரின் தம்பி படியிலேயே வழிமறித்து நின்றுகொண்டார். அவர் சத்தம் போடவில்லை. "இப்ப வேணாம்மா. நீங்க நல்லவங்களாவே இருக்கலாம். ஆனா இப்ப வேணாம்" என்றார். ஜன்னலம்மா அந்தப் படிக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார்.

பள்ளிக்கூடத்தைப் பாதுகாப்பாக மாற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. எல்லா ஜன்னலுக்கும் மேலிருந்து கீழ்வரை கிரில். முற்றத்துக்கு சிமெண்ட். பூட்டில்லாத அறைக்குப் பூட்டு. இந்த வேலையை வேறு யாராவது செய்யட்டும் என்று பெரிய பொறியாளர் சொன்னார். ஜன்னலம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "நான் போட்டதை நானே மூடறேன் சார்."

கூட்டத்தில் தலைமை ஆசிரியை கல்வித்துறை அதிகாரியிடம் மல்லுக்கு நின்றார். "ஜன்னலுக்கு கிரில் போடுங்க, வேணாம்னு சொல்லல. மண்ணு என்ன சார் பண்ணுச்சு? அந்த ரூம் என்ன பண்ணுச்சு?"

"அம்மா, இனிமே பேப்பர்ல இந்த ஸ்கூல் பேர் வரக்கூடாது. எனக்கு அவ்வளவுதான்."

"பசங்க?"

"பசங்களுக்காகத்தான் சொல்றேன்."

தலைமை ஆசிரியை ஜன்னலம்மாவைத் திரும்பிப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று நானும் எதிர்பார்த்தேன். மண்ணுக்காகவும் அந்த அறைக்காகவும் பேச அங்கே தகுதியானவர் அவர் ஒருவர்தான். ஆனால் அவர் வாயை இறுக்கிக்கொண்டு தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் தலைமை ஆசிரியை, "நீங்க பேசியிருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "எனக்கு இனிமே அந்த உரிமை இல்லைங்க" என்றார் ஜன்னலம்மா. தலைமை ஆசிரியை அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

கிரில் மாட்டிய நாட்களில் ஜன்னலம்மா வெல்டிங்காரர் கூடவே நின்றார். கோடை விடுமுறை, கட்டடம் காலியாக இருந்தது. இரண்டு கம்பிக்கு நடுவில் தன் கையைக் கொடுத்துப் பார்ப்பார். கால் வைக்கிற மாதிரி எங்காவது குறுக்குப் பட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். வெல்டிங்காரர் ஒரு இடத்தில் உறுதிக்காக நடுவில் ஒரு பட்டை வைத்திருந்தார். அதை ஜன்னலம்மா எடுக்கச் சொன்னார். "இது இல்லாட்டி ஆடும்மா" என்றார் அவர். "கம்பியைத் தடிமனாப் போடுங்க. நடுவுல எதுவும் வேணாம்." "ஜெயில் கம்பி மாதிரி ஆயிடுமே." "ஆகட்டும்" என்றார். அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர் குரல் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

அதற்கு அடுத்த வருஷம், பள்ளிகளில் சேர்க்கை நடக்கிற சமயத்தில், ஒரு பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையைப் பிடித்தபடி ஒரு சின்னப் பையன். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். "ஸ்கூல் படம் போட்ட அம்மாவை" என்றார். ஜன்னலம்மா நிமிர்ந்து பார்த்தார், உடனே எழுந்துவிட்டார். யார் என்று யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது. தையல்காரரின் மனைவி.

"இவனை ஒண்ணாவது சேக்கணும்" என்றார் அந்த அம்மா. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "வீட்டுக்குப் பக்கத்துல அந்த ஸ்கூல்தான். இன்னொண்ணு பஸ்ல போகணும். இவங்க அப்பா உன் இஷ்டம்னுட்டாரு. எனக்கு யாரைக் கேக்கறதுன்னு தெரியல. நீங்க கட்டுனது. நீங்கதான் சொல்லணும். சேக்கலாமா?"

சேருங்கள் என்று அவர் எந்த வாயால் சொல்வார்? வேண்டாம் என்று எந்த மனசோடு சொல்வார்? கடைசியில், "வாங்க, போய்ப் பாக்கலாம். நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார். என்னையும் பார்த்து, "நீயும் வா தம்பி" என்றார்.

அந்த அம்மா ஒவ்வொரு அறையாகப் போனார். ஒவ்வொரு கிரிலையும் இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு உலுக்கினார். ஒன்றும் அசையவில்லை. ஜன்னலம்மா ஒரு அடி பின்னால் நடந்தார், பரீட்சைத் தாளைத் திருத்தக் கொடுத்துவிட்டு நிற்கிற மாணவி மாதிரி. பையன் சிமெண்ட் முற்றத்தில் வட்டமாக ஓடிக்கொண்டிருந்தான், அவனைப் பார்த்துக்கொள்ள நான் நின்றேன். அவர்கள் மாடிக்குப் போனார்கள். அங்கே நடந்ததை ஜன்னலம்மா பிறகு சொன்னார். அந்த அம்மா அந்த ஜன்னல் இருந்த அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லையாம். கதவைப் பிடித்துக்கொண்டு, "அதுலதான் உக்காருவாளா?" என்று கேட்டாராம். ஆமாம் என்றாராம் இவர். "வீட்டுக்கு வந்தா அதைப் பத்தியேதான் பேசுவா. நான் வேலை இருக்கு போடின்னு விரட்டுவேன்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா கீழே இறங்கிவிட்டார்.

வாசலில் வந்து நின்று பையனின் சட்டையைச் சரிசெய்தார். "கெட்டியாத்தான் இருக்கு. எனக்குத் தெரியுது" என்றார். "ஆனா தினம் காலைல இவனை இந்த வாசல்ல விட்டுட்டுத் திரும்பி நடக்க என்னால ஆகாது."

"ஆகாதுதான்" என்றார் ஜன்னலம்மா.

"அன்னைக்கு நீங்க வந்தப்ப உங்களை அனுப்புனது என் கொழுந்தன். நான் உள்ளதான் இருந்தேன். நீங்க கீழ நின்னது எனக்குத் தெரியும்." இதைச் சொல்லிவிட்டு அந்த அம்மா பையனின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தின் பக்கம் நடந்தார். ஜன்னலம்மா அவர்கள் திருப்பத்தில் மறையும்வரை அங்கேயே நின்றார். அந்த வருஷம் பையனைத் தூரத்துப் பள்ளியில்தான் சேர்த்தார்கள்.

புதுமாதிரிப் பள்ளி என்ற திட்டம் சத்தமில்லாமல் மூடப்பட்டது. எங்கள் பிரிவு பழைய வரைபடத்தையே அனுப்பிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் புழங்கும் கட்டடங்களுக்கு விதிகளைத் திருத்தும் குழுவில் மட்டும் ஜன்னலம்மா கேட்டு வாங்கி இடம்பெற்றார். பிள்ளைகள் இருக்கும் எந்தத் தடுப்பிலும் கால் ஊன்ற எதுவும் இருக்கக் கூடாது என்கிற ஒரு வரி அவர் எழுதியது. குழுவில் மற்றவர்கள் அதை நீட்டி எழுதப் பார்த்தார்கள். அவர் விடவில்லை. படிக்கிறவனுக்குச் சந்தேகமே வரக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். இன்றைக்கும் விதிப்புத்தகத்தில் அந்த வரி அப்படியே இருக்கிறது. யார் எழுதியது என்று அதில் போட்டிருக்காது.

பணிக்காலம் முடிய இன்னும் கொஞ்சம் இருக்கும்போதே அவர் ஓய்வு வாங்கிக்கொண்டார். கணவரும் ஓய்வுபெற்ற பிறகு இரண்டு பேரும் மகள் இருக்கும் ஊருக்கே போவதென்று முடிவாயிற்று. சாமான்களை ஏற்றுகிற அன்று நான் உதவிக்குப் போனேன். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். ஆனால் முகம் முன்னைவிடத் தெளிவாகத்தான் இருந்தது. அதைச் சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னேன்.

"தூக்கம் வருது தம்பி இப்பல்லாம்" என்றார். ஒரு தம்ளரைச் சுற்றி முடித்துப் பெட்டிக்குள் வைத்தார். "ரொம்ப நாள் தூக்கமே இல்ல. இப்ப படுத்தா தூங்கிடறேன். பசிக்குது, சாப்பிடறேன். போன வாரம் டிவியில ஏதோ பாத்து சிரிச்சுட்டேன்கூட." அடுத்த தம்ளரை எடுத்தவர் அதைச் சுற்றாமல் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். "அதுதான் கஷ்டமா இருக்கு. அந்தப் புள்ளையோட அம்மாவுக்கும் தூக்கம் வருதோ என்னவோ, யாருக்குத் தெரியும்."

அவர் கையிலிருந்த தம்ளரை வாங்கி நான் சுற்றினேன். கீழே லாரி வந்து நின்றது. கயிறு எங்கே வைத்தாய் என்று அவர் கணவர் படியில் நின்று கேட்டார். ஜன்னலம்மா முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, கயிற்றைத் தேட உள்ளே போனார்.